வெட்டி எடு, நிரப்பு, ஒட்டு: அஸீஸ் சஞ்சாரும் டி.என்.ஏ. பழுதுபார்ப்பும்

புற ஊதாக் கதிர் பட்டுச் சாக வேண்டிய நுண்ணுயிரிகள், அதன்பின் சாதாரண வெளிச்சத்தில் வைத்தால் பிழைத்துக்கொள்கின்றன. 1949ல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் இதைக் கண்டுபிடித்தது கிட்டத்தட்டத் தற்செயல்தான். ஒரே வகை நுண்ணுயிரி, ஒரே அளவு கதிர். ஆனாலும் ஒருமுறை கொஞ்சம் பிழைத்தது, இன்னொரு முறை ஏராளமாகப் பிழைத்தது. வெப்பநிலைதான் காரணமோ என்று அதை மாற்றி மாற்றிப் பார்த்தார், கணக்கு உதைத்தது. கடைசியில் ஜன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டியில் விழுந்த வெளிச்சம்தான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று தெரிந்தது. அதே ஆண்டு ரெனாட்டோ டல்பெக்கோ, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிலும் இதே விஷயத்தைக் கண்டார்.

ஒளி கெடுத்ததை ஒளியே சரிசெய்கிறது என்றால், செல்லுக்குள் அந்த வேலையைச் செய்ய ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துரத்திப் போனவர் அஸீஸ் சஞ்சார். துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர், 2015ல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவருடைய ஆய்வு போன வழியிலேயே போனால் டி.என்.ஏ. பழுதுபார்ப்பு எளிதாகப் புரியும். அதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள இருமுனை உறவும் அந்த வழியில்தான் வருகிறது.

முதலில், எது பழுதாகிறது?

டி.என்.ஏ. இரண்டு இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையிலும் நான்கு வகை வேதி எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன: அடினைன், தையமின், குவானைன், சைட்டோசின். ஓர் இழையில் அடினைன் இருந்தால் எதிர் இழையில் தையமின், குவானைன் இருந்தால் எதிரே சைட்டோசின். இந்த ஜோடி விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும். ஓர் இழை கெட்டாலும் எதிர் இழையைப் பார்த்து அதைத் திரும்ப எழுதிவிடலாம் என்பதற்கு இந்த விதிதான் உத்தரவாதம்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் படும்போது, ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தையமின்கள் தங்களுக்குள் பிணைந்துகொள்கின்றன. இதைத் தையமின் இரட்டை என்று சொல்லலாம். எதிரே உள்ள துணையோடு சேர வேண்டியவை பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டதால் அந்த இடத்தில் இழை வளைந்து புடைக்கிறது. செல் பிரியும் முன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி அங்கே வந்து தடுமாறும். ஒன்று, நின்றுவிடும். அல்லது ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு மேலே போகும். முதலாவதில் செல் சாகலாம், இரண்டாவதில் எழுத்துப்பிழை நிரந்தரமாகலாம்.

வெயில் இல்லாவிட்டாலும் டி.என்.ஏ. சும்மா இருப்பதில்லை. உடல் வெப்பமும் செல்லுக்குள் இருக்கும் நீருமே அதைச் சிதைக்கப் போதும். ஒரு மனித செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 எழுத்துகள் தாமாகவே கழன்று விழுகின்றன என்று கணக்கிட்டுக் காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால். அவரும் 2015 பரிசில் ஒரு பங்காளி. ஆக, பழுதுபார்ப்பு எப்போதாவது நடக்கும் அவசர வேலை அல்ல, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதும் உங்கள் செல்களில் நடந்துகொண்டிருப்பது.

சவூரிலிருந்து டல்லஸ்

சஞ்சார் பிறந்தது 1946ல், துருக்கியின் தென்கிழக்கில் மார்தின் மாகாணத்தின் சவூர் என்ற சிற்றூரில். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். இளவயதில் கால்பந்தில் நல்ல கோல் கீப்பர். இஸ்தான்புல்லில் மருத்துவம் படித்து 1969ல் முதல் மாணவராகத் தேறினார். கொஞ்ச காலம் சொந்த ஊர்ப் பக்கம் கிராம மருத்துவராக வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவுக்கு ஆராய்ச்சி செய்யப் போனார்.

டல்லஸில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டான் ரூப்பர்ட்டின் ஆய்வகத்தில் சேர்ந்தார். கெல்னர் கண்ட அதிசயத்துக்குக் காரணம் ஒரு நொதிதான் என்று 1950களின் கடைசியில் நிறுவியவர் இந்த ரூப்பர்ட். அந்த நொதிக்கு ஃபோட்டோலையேஸ் என்று பெயர். பெயர் இருந்தது, கையில் நொதி இல்லை. ஈ. கோலை பாக்டீரியா ஒன்றில் மொத்தமே பத்து இருபது ஃபோட்டோலையேஸ் மூலக்கூறுகள்தான் இருக்கும். லிட்டர் லிட்டராக வளர்த்தாலும் ஆராயும் அளவுக்குக் கிடைக்காது.

அப்போதுதான் மரபணுவை வெட்டி இன்னொரு செல்லில் வைத்துப் பெருக்கும் தொழில்நுட்பம் வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சஞ்சார் அதைக் கையில் எடுத்தார். 1976ல் ஃபோட்டோலையேஸின் மரபணுவைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை அந்த நொதியை ஏராளமாகச் செய்ய வைத்தார்.

இன்று இதைப் படிக்கும்போது, இப்படிப்பட்ட ஆய்வேட்டை வைத்திருப்பவரைப் பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டு அழைத்திருக்கும் என்று தோன்றும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தார், மூன்றும் மறுத்துவிட்டன. ஆய்வைத் தொடர வேண்டுமே என்று யேல் பல்கலைக்கழகத்தில் டீன் ரப்பின் ஆய்வகத்தில் வெறும் ஆய்வக உதவியாளர் வேலைக்குப் போனார். நோபலுக்கு இட்டுச்சென்ற வேலை அந்த உதவியாளர் பதவியில் இருந்தபோதுதான் தொடங்கியது. அறிவியல் வேலைவாய்ப்புச் சந்தையின் மதிப்பீட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இருட்டில் நடக்கும் வேலை

ஃபோட்டோலையேஸுக்கு நீல வெளிச்சம் வேண்டும். ஆனால் இருட்டில் வைத்த பாக்டீரியாவும் ஓரளவு தேறிக்கொள்கிறது. அப்படியானால் இன்னொரு வழியும் இருக்கிறது. 1964ல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஒன்றைக் கவனித்தன: கதிர் பட்ட பாக்டீரியாவில் தையமின் இரட்டைகள் டி.என்.ஏ.விலிருந்து விடுபட்டு, துண்டு துணுக்குகளோடு வெளியே கிடந்தன. அதாவது செல் பழுதை அந்த இடத்திலேயே சரிசெய்யவில்லை, வெட்டி எறிந்திருக்கிறது. இந்த வேலைக்கு மூன்று மரபணுக்கள் வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. அவற்றுக்கு யுவிஆர்-ஏ, யுவிஆர்-பி, யுவிஆர்-சி என்று பெயர். யார் வெட்டுகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

பலரும் நினைத்தது இதுதான்: பழுதுக்குப் பக்கத்தில் ஒரு நொதி ஒரு வெட்டுப் போடுகிறது, இன்னொரு நொதி வந்து அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போகிறது.

இதைச் சோதிக்க அந்த மூன்று புரதங்களும் கையில் வேண்டும். அவையும் செல்லில் மிகக் குறைவாகவே இருப்பவை. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே அவற்றை அடையாளம் காண்பதே பெரும்பாடு. சஞ்சார் இதற்குக் கண்டுபிடித்த தந்திரம் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. பழுதுபார்க்கும் திறன் இல்லாத பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார். ஆராய வேண்டிய மரபணுவை பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையங்களில் ஏற்றி அதற்குள் வைத்தார். பிறகு புற ஊதாக் கதிர் காட்டினார். பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ. நீளமானது, எப்படியும் பல இடங்களில் அடிபடும், சரிசெய்ய ஆளில்லாமல் சிதைந்து அழியும். பிளாஸ்மிட்டுகள் குட்டியானவை, அவற்றில் பல அடிபடாமல் தப்பிவிடும். இப்போது அந்தச் செல் செய்யக்கூடிய புரதங்கள் பிளாஸ்மிட்டில் எழுதியவை மட்டுமே. புரதத்தின் மூலப்பொருளான அமினோ அமிலத்தைக் கதிரியக்கம் ஏற்றிக் கொடுத்தால் புதிதாக உருவாகும் புரதம் மட்டும் அடையாளத்தோடு தெரியும். 1979ல் வெளியான இந்த முறைக்கு மேக்ஸிசெல் என்று பெயர். டி.என்.ஏ. பழுது என்ற தொல்லையையே கருவியாக்கிக்கொண்டு, பழுது நீக்கும் புரதங்களைப் பிடித்துவிட்டார்.

மூன்று புரதங்களையும் தூய்மையாகப் பிரித்து, பழுதான டி.என்.ஏ.வோடு சோதனைக் குழாயில் சேர்த்துப் பார்த்து, 1983ல் சஞ்சாரும் ரப்பும் முடிவை வெளியிட்டார்கள். வெட்டு ஒன்றல்ல, இரண்டு. பழுதுக்கு இரு புறமும், அளந்து வைத்ததுபோல. ஒரு பக்கம் 7 எழுத்து தள்ளி, மறு பக்கம் 3 அல்லது 4 எழுத்து தள்ளி. நடுவில் பிணைந்த 2 எழுத்துகள். கூட்டினால் 12 அல்லது 13 எழுத்து நீளத் துண்டு மொத்தமாகக் கழன்று வருகிறது.

சேலையில் நெருப்புப் பொறி பட்டுக் கருகிய இடத்தைச் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல துணியோடு சேர்த்து வெட்டிவிட்டு, புது இழை ஓட்டி நெய்து சரிசெய்வார்களே, அதே ஏற்பாடுதான். ஏ புரதமும் பி புரதமும் சேர்ந்து புடைத்த இடத்தைத் தேடிப் பிடிக்கின்றன. ஏ விலகிக்கொள்கிறது. பி அங்கேயே நின்று சி-யை வரவழைக்கிறது. இரு வெட்டும் விழுகின்றன. யுவிஆர்-டி என்ற இன்னொரு புரதம் துண்டைக் கழற்றி விடுகிறது. காலியான இடத்தை, எதிர் இழையைப் பார்த்து, ஜோடி விதிப்படி டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி நிரப்புகிறது. கடைசி இணைப்பை லைகேஸ் என்ற இன்னொரு நொதி ஒட்டுகிறது.

இதற்குள் சஞ்சார் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்துக்குப் போய்விட்டார். 1982 முதல் அவருடைய வேலையெல்லாம் அங்கேதான். மனைவி குவென் சஞ்சாரும் அதே துறையில் டி.என்.ஏ. பழுதுபார்ப்பை ஆராய்ந்தவர். ஃபோட்டோலையேஸையும் அஸீஸ் சஞ்சார் விட்டுவிடவில்லை. அதில் இரண்டு நிறமிகள் இருப்பதையும், ஒன்று ஒளியைப் பிடிக்க, மற்றது ஓர் எலக்ட்ரானைத் தையமின் இரட்டைக்குக் கொடுத்துப் பிணைப்பை உடைக்க, வேலை முடிந்ததும் எலக்ட்ரான் திரும்பி வந்துவிடுவதையும் பல ஆண்டு உழைப்பில் விளக்கினார்.

மனிதருக்கு வருவோம்

நம்மிடம் ஃபோட்டோலையேஸ் கிடையாது. கங்காருவிடம் இருக்கிறது. நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளின் பரம்பரையில் அது எங்கோ தொலைந்துபோயிற்று. ஆக, வெயில் தரும் தையமின் இரட்டையைச் சரிசெய்ய மனிதருக்கு இருப்பது வெட்டி எடுக்கும் முறை ஒன்றுதான்.

அந்த ஒன்றும் இல்லாமல் பிறப்பவர்கள் இருக்கிறார்கள். ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோய் அது. தோல் சிறு வயதிலேயே வறண்டு கரும்புள்ளிகள் படரும், கண் வெளிச்சம் தாங்காது. தக்க பாதுகாப்பு இல்லாவிட்டால் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரலாம். இருபது வயதுக்குள் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குப் பல ஆயிரம் மடங்கு அதிகம். 1968ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர் இந்த நோயாளிகளின் தோல் செல்களை எடுத்துப் பார்த்தார். கதிர் பட்ட பிறகு பழுதான இடத்தை நிரப்பும் வேலை அவற்றில் நடக்கவில்லை. டி.என்.ஏ. பழுதுபார்ப்பு குலைந்தால் புற்றுநோய் வரும் என்பதற்கு மனிதரில் கிடைத்த முதல் நேரடிச் சான்று அதுதான்.

பழுது எப்படிப் புற்றுநோயாகிறது என்பதை இங்கே ஒருமுறை நின்று பார்த்துவிடலாம், பலரும் குழம்பும் இடம் இது. தையமின் இரட்டையே புற்றுநோய் அல்ல. அது வெறும் சேதம், நீக்கிவிட்டால் தடயமே இருக்காது. நீக்குவதற்குமுன் செல் பிரிந்து, நகலில் தப்பான எழுத்து விழுந்துவிட்டால், அது சேதம் என்ற நிலை தாண்டி மாற்றம் ஆகிவிடுகிறது. ஏனென்றால் இப்போது இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகின்றன, புடைப்பு எதுவும் இல்லை, பழுதுபார்க்கும் புரதங்களுக்குக் குறை தெரியாது. அந்த மாற்றம் செல்லின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் விழுந்து, அப்படிப்பட்டவை பல சேர்ந்தால்தான் கட்டி. 1991ல் தோல் புற்றுக் கட்டிகளில் பி53 என்ற காவல் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, புற ஊதாக் கதிர் மட்டுமே விட்டுச்செல்லும் எழுத்துப்பிழைகள் அதில் பதிந்திருந்தன. சைட்டோசின் இருக்க வேண்டிய இடங்களில், சில சமயம் அடுத்தடுத்த இரு இடங்களிலும், தையமின்.

பாக்டீரியாவில் செய்ததை மனித செல்லில் செய்ய சஞ்சாருக்கு இன்னும் பத்தாண்டு ஆயிற்று. 1992ல் மனித நொதிகளும் இரு புறமும்தான் வெட்டுகின்றன என்று காட்டினார். துண்டின் நீளம் மட்டும் ஏறத்தாழ 27 முதல் 29 எழுத்து. பாக்டீரியாவில் மூன்று புரதங்கள் வெட்டும் வேலைக்கு நமக்கு ஆறு புரதக் குழுக்கள், பதினைந்துக்கு மேற்பட்ட தனிப் புரதங்கள் வேண்டும். விசித்திரம் என்னவென்றால் அவற்றுக்கும் பாக்டீரியாவின் புரதங்களுக்கும் வம்ச உறவு கிடையாது. அதே தீர்வை இயற்கை வேறு ஆட்களை வைத்து இன்னொரு முறை எட்டியிருக்கிறது. ஜீரோடெர்மா நோயாளிகளில் கெட்டிருக்கும் எக்ஸ்பிஏ, எக்ஸ்பிசி, எக்ஸ்பிஜி போன்றவை இந்த ஆறு குழுக்களின் உறுப்பினர்கள்தாம்.

கத்தி இரு பக்கமும் வெட்டும்

இதுவரை பழுதுபார்ப்பு நம் பக்கம் இருந்தது. சிகிச்சை அறைக்குள் போனால் நிலைமை மாறும்.

சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். நுரையீரல், சினைப்பை, தலை-கழுத்துப் புற்றுகளுக்கும் விரைப் புற்றுக்கும் கொடுக்கும் கீமோ மருந்து. 1960களில் பார்னெட் ரோசன்பெர்க் மின்புலத்தில் பாக்டீரியா வளர்க்கும்போது, பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்த ஏதோ ஒன்று அவற்றைப் பிரியவிடாமல் தடுத்ததைப் பார்த்ததில் தொடங்கியது அதன் கதை. 1978ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது செய்யும் வேலை நமக்கு இப்போது பழகியதுதான்: பெரும்பாலும் ஒரே இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குவானைன்களைப் பிளாட்டினத்தால் பிணைத்துவிடுகிறது. இழை வளைகிறது, நகலெடுப்பு நிற்கிறது, வேகமாகப் பிரியும் புற்றுச் செல் சாகிறது.

ஆனால் வளைந்த இழையைக் கண்டால் வெட்டி எடுக்கும் புரதங்கள் சும்மா இருக்குமா? அவை வெயிலால் வந்ததா, மருத்துவர் ஏற்றிய மருந்தால் வந்ததா என்று விசாரிப்பதில்லை. பிளாட்டினம் ஒட்டிய துண்டையும் அதே 27, 29 எழுத்துக் கணக்கில் வெட்டி எறிகின்றன. புற்றுச் செல்லும் நம் செல்தான், அதனிடமும் இந்தக் கருவிகள் இருக்கின்றன. நம்மை இத்தனை நாள் காத்த அதே வேலை இப்போது கட்டியைக் காக்கிறது.

விரைப் புற்று மற்ற இடங்களுக்குப் பரவிய பிறகும் சிஸ்பிளாட்டின் சார்ந்த சிகிச்சையில் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள். பரவிய மற்ற வகைக் கட்டிகளில் இப்படி நடப்பது அபூர்வம். அந்தச் செல்களில் எக்ஸ்பிஏ உள்ளிட்ட சில பழுதுபார்ப்புப் புரதங்கள் வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. எக்ஸ்பிஏ இல்லாமல் பிறந்த குழந்தைக்குப் புற்றுநோய் வருகிறது, எக்ஸ்பிஏ குறைந்த கட்டி மருந்துக்கு மடிகிறது. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தத் துறையின் பாதி புரிந்துவிட்டது என்பேன்.

கட்டியின் பழுதுபார்ப்புப் பலவீனத்தைக் குறிவைத்தே மருந்து செய்ய முடியும் என்பதற்கு வேறொரு பழுதுபார்ப்பு வழியில் நல்ல உதாரணம் இருக்கிறது. பிஆர்சிஏ மரபணு கெட்ட மார்பகப் புற்று, சினைப்பைப் புற்றுச் செல்களால் இரு இழையும் முறிந்த டி.என்.ஏ.வைச் சரிவர இணைக்க முடியாது. அவற்றில் பார்ப் என்ற இன்னொரு நொதியையும் முடக்கினால் தாங்காமல் செத்துவிடுகின்றன என்று 2005ல் காட்டப்பட்டது. அந்த வகையில் முதல் மருந்தான ஒலாபரிப் 2014ல் அனுமதி பெற்றது. இது சஞ்சாரின் வேலை அல்ல. அவரைப் ‘புற்றுநோய்க்கு மருந்து கண்டவர்’ என்று சொல்வதும் சரியல்ல. இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று காட்டியவர் அவர்.

2015 பரிசில் மூன்றாவது பங்காளி, நகலெடுக்கும்போது விழும் எழுத்துப்பிழைகள் திருத்தப்படும் விதத்தை ஆராய்ந்த பால் மோட்ரிச். அவர் டியூக் பல்கலைக்கழகம். சாப்பல் ஹில்லுக்குப் பக்கத்து ஊர், கூடைப்பந்தில் ஜென்மப் பகை. பரிசு மட்டும் இரு வீட்டுக்கும் வந்தது. சஞ்சார் தம் பதக்கத்தை அங்காராவில் உள்ள, துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கின் நினைவிடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

எந்த நேரத்தில் பழுதுபார்க்கிறோம்?

மனிதரிடம் ஃபோட்டோலையேஸ் இல்லை என்றேன். அதன் தூரத்து உறவுக்காரப் புரதம் ஒன்று இருக்கிறது, கிரிப்டோகுரோம். டி.என்.ஏ.வைச் சரிசெய்ய அதற்குத் தெரியாது. அது உடலின் 24 மணி நேரக் கடிகாரத்தின் பாகம் என்பதை 1990களின் கடைசியில் கண்டறிந்தவர்களில் சஞ்சாரும் ஒருவர். பழுதுபார்ப்பில் தொடங்கியவர் கடிகாரத்துக்குள் வந்து விழுந்தார். பத்தாண்டு கழித்து இரண்டும் ஒன்று சேர்ந்தன. எக்ஸ்பிஏ புரதத்தின் அளவு நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை, கடிகாரத்தோடு ஏறி இறங்குகிறது என்று எலிகளில் அவருடைய குழு காட்டியது.

அப்படியானால் எந்த நேரத்தில் வெயில் படுகிறது என்பதும் முக்கியம் அல்லவா? 2011ல் சோதித்தார்கள். அதிகாலை 4 மணிக்குப் புற ஊதாக் கதிர் பட்ட எலிகளுக்கு, மாலை 4 மணிக்குப் பட்டவற்றைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாகத் தோல் புற்று வந்தது. எலி இரவில் நடமாடும் பிராணி, நாம் பகலில். நம் கடிகாரம் தலைகீழாக இருக்கலாம், காலை வெயில் நமக்குக் கெடுதல் குறைவாக இருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள். மனிதரில் நிரூபிக்கப்பட்டதல்ல இது. காலையில் வெயில் காய்ந்தால் ஒன்றும் ஆகாது என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம்.

எழுபது வயதை நெருங்கும்போது அவருடைய ஆய்வகம் இன்னொரு கருவியையும் செய்தது. வெட்டி எறியப்படும் அந்த 27, 29 எழுத்துத் துண்டுகளையே செல்லிலிருந்து பிடித்து, ஒவ்வொன்றும் மரபணுத் தொகுதியில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று படிக்கும் முறை. 1964ல் துணுக்காகக் கிடந்தது இப்போது வரைபடமாயிற்று. முந்நூறு கோடி எழுத்துகளில் எங்கே பழுதுபார்ப்பு விரைவாக நடக்கிறது, எங்கே மெத்தனம் என்று பார்க்க முடிகிறது. செல் அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருக்கும் மரபணுக்களில், அதிலும் படிக்கப்படும் இழையில், வேலை முந்தி நடக்கிறது.

2018ல் இந்த முறையைச் சிஸ்பிளாட்டின் கொடுத்த எலிகளின் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் பயன்படுத்தினார்கள். படிக்கப்படும் இழையில் ஒவ்வொரு மரபணுவும் தனக்கென ஒரு நேரத்தில் சுத்தமாகிறது, மற்ற இழை எக்ஸ்பிஏவின் கடிகாரப்படி சுத்தமாகிறது என்று தெரிந்தது. சிஸ்பிளாட்டின் கொடுப்பதில் மருத்துவர்களுக்குப் பெரிய கவலை சிறுநீரகப் பாதிப்புதான். சிறுநீரகம் சுறுசுறுப்பாகப் பழுதுபார்க்கும் நேரமாகவும், கட்டி மெத்தனமாக இருக்கும் நேரமாகவும் பார்த்து மருந்தை ஏற்ற முடியுமா என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள ஆசை. நேரம் பார்த்துக் கீமோ கொடுக்கும் முயற்சிகள் பல பத்தாண்டுகளாகவே நடக்கின்றன, முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. ஆளுக்கு ஆள் கடிகாரம் வேறுபடுகிறது, பல கட்டிகளில் கடிகாரமே குலைந்துகிடக்கிறது. எந்த நேரத்தில் எது வெட்டப்படுகிறது என்று எழுத்து எழுத்தாகப் படிக்கும் இந்த வரைபடங்கள் வந்த பிறகுதான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே வழி பிறந்திருக்கிறது.